டயர்ப் புகையும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் மார்கழித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் பேசுமாறு நமது செயலாளர் எம்மைப் பணித்தபோது, யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்மிடத்து அதனை எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும், போகிப் பண்டிகை அணுகிவரும் இந்நாளில் வேறொரு பொருளைப் பற்றிப் பேசவே எம் உள்ளம் விழைகின்றது. அஃது யாதெனின், பழைய டயர்களை எரிப்பதனால் எழும் புகையும், அப்புகையால் நம் உடலுக்கு விளையும் கேடுமாம். மருத்துவர் பேசவேண்டியதனைத் தமிழாசிரியர் பேசுவானேன் என்று சிலர் ஐயுறலாம். யாம் பேசுதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. அதனை உரையின் நடுவில் மறையாது கூறுவோம்.

முதற்கண் எம் துறையிலிருந்தே தொடங்குகின்றோம். போகி நாளில் பழம்பொருள்களை எரிப்போர், தம் செயலுக்குச் சான்றாக நன்னூற் சூத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டுவது வழக்கம். பழையன ஒழிதலையும் புதியன வருதலையும் பவணந்தி முனிவரே உடன்பட்டனர் என்பது அவர் கருத்து. அன்பர்களே, பவணந்தியார் அங்கே கூறியது சொற்களைப் பற்றி. பழைய சொற்கள் சில வழக்கொழிவதும், புதிய சொற்கள் சில வழக்கில் வருவதும் குற்றமாகா என்பதே அவர் கூறிய இலக்கணம். கந்தலையும் பாயையும் கொளுத்துக என்று அவர் யாண்டும் விதித்திலர். அன்றியும், கழிதல் என்பது தன்வினை. பழுத்த இலை காம்பிலிருந்து தானே நீங்குவது கழிதல். ஒரு பொருளை நாமே எரித்து அதன் நஞ்சைக் காற்றிற் கலப்பது கழிதலாகாது. நம் கண்ணுக்கு அப்பொருள் மறைந்தது போலத் தோன்றினும், அது புகையாகி நம் மூக்கின் வழியே நம்முள் வந்து புகுகின்றது. கழித்துவிட்டோம் என்று நாம் மகிழ்வது எதுவோ, அதுவே நம்முட் புகுகின்றது. இன்று யாம் சொல்லப் புகுந்த பொருள் முழுதும் இவ்வொன்றனுள் அடங்கும்.

இனி, டயர் என்பது யாது என ஆராய்வோம். அச்சொல் ஆங்கிலச் சொல்லே ஆயினும், வண்டியோட்டுவோர் முதல் வாணிகர் ஈறாக எல்லோரும் அதனையே வழங்குதலின் யாமும் அதனையே வழங்குகின்றோம். இரப்பர் என்பது மரத்துப் பால். அது வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் எக்காலத்தும் உறுதியாக நிற்கும் என்று கண்டார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். இக்காலத்து டயரில் மரத்துப் பாலோடு, கல்லெண்ணெயிலிருந்து செய்யப்பட்ட செயற்கை இரப்பரும், எண்ணெய்களும், துத்தநாகச் சேர்மமும், எஃகுக் கம்பியும் உள்ளன. அதன் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு கரித்தூள். டயரின் கருமைக்குக் காரணம் அதுவே. பல்லாயிரம் கல் ஓடியும் தேயாதவாறு இவற்றையெல்லாம் பிணைத்துச் செய்த பொருள் அது. எளிதில் அழியாமை என்னும் அக்குணமே, எரிக்கும்போது நமக்குப் பகையாகின்றது.

உலர்ந்த விறகு நன்றாக எரியும்போது புகை குறைவு. டயரோ அவ்வாறு எரிவதன்று. திறந்த வெளியில் அதற்குப் போதிய காற்றும் வெப்பமும் ஒருங்கே கிடைப்பதில்லை. ஆதலின் அது பாதி எரிந்தும் பாதி உருகியும், எண்ணெயாகக் கசிந்தும் கரும்புகையாக எழுந்தும் சிதைகின்றது. அப்புகையுள் அடங்கியவை யாவை? இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு, உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு ஒன்று. தொண்டையையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் கந்தக டையாக்சைடு ஒன்று. இரத்தப் புற்றுநோயை விளைப்பதென உறுதிப்பட்ட பென்சீன் ஒன்று. புகைக்கரியில் ஒட்டிவரும் பென்சோபைரீன் முதலிய நச்சுச் சேர்மங்கள் பல. பென்சீனையும் பென்சோபைரீனையும், செயற்கை இரப்பருக்கு மூலமான பியூட்டாடையீனையும், மக்களுக்குப் புற்றுநோய் விளைப்பன என்னும் முதல் வகுப்பிலேயே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்துள்ளது. 2013-ஆம் ஆண்டில் மாசுபட்ட வெளிக்காற்றினையே அவ்வகுப்பில் அது சேர்த்தது என்பதனையும் நினைவிற் கொள்க.

‘விறகுப் புகையும் புகைதானே; நம் பாட்டிமார் அடுப்பூதி வாழவில்லையோ?’ என்று வினவுவார் உளர். விறகுப் புகையும் நன்றன்று. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உயிரணுவின் மரபுப் பொருளைத் திரிக்கும் ஆற்றல், வீட்டுக் கணப்பில் எரியும் விறகின் புகையினும் திறந்த வெளியில் எரியும் டயரின் புகைக்குப் பதினாறு மடங்கு மிகுதி என்று அது கணக்கிட்டது. பாட்டியின் அடுப்பைச் சான்று காட்டி டயரைக் கொளுத்துவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இவையன்றி, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களும் அப்புகையில் உள்ளன. நம் தலைமயிரின் குறுக்களவு ஏறத்தாழ எழுபது மைக்ரான். இந்நுண்துகளோ இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்தது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இதனைத் தடுக்க மாட்டா. இது நுரையீரலின் அடிவரை செல்லும். இதயத்திற்கும் தீங்கு செய்யும். நாளொன்றுக்கு ஒரு கனமீட்டர்க் காற்றில் இது அறுபது மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு அரசு 2009-இல் வகுத்த வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ வெறும் பதினைந்து.

போகி நாளில் இத்தீமை பெருகுதற்குக் காலமும் துணை செய்கின்றது. வெயிற்காலத்தில் நிலம் சூடேறிக் காற்று மேலெழும். அதனோடு புகையும் மேலெழுந்து கலைந்துபோம். மார்கழிக் கடைசியில் விடியற்காலத்தில் நிலத்தையொட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். அப்பொழுது எழுப்பிய புகை மேலே செல்ல வழியின்றித் தெருவிலேயே தங்கும். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் போகியன்று, பனியும் புகையும் கலந்து மறைத்தமையால், சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் இறங்க இயலாது வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானம் வேற்றூருக்குப் போகலாம்; தொட்டிலில் உறங்கும் குழந்தை எங்கே போகும்?

எம் பள்ளியில் யாம் கண்டது இது. பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், வகுப்பில் இருமல் ஒலி மிகுந்திருக்கும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகள் சிலர் இரண்டொரு நாள் வாரார். பிள்ளைகள் மார்கழி முதலே பழைய டயர்களைத் தேடிச் சேர்ப்பதும், யார் தெருவில் கரும்புகை உயர எழுகின்றது என்று போட்டியிடுவதும் யாம் அறிவோம். அவர்களைக் குறை கூறோம். நாம் செய்வதனையே அவர்கள் செய்கின்றனர். குழந்தைகள் தம் உடலின் எடைக்கு ஏற்ற அளவில் பார்த்தால் நம்மினும் மிகுதியாகக் காற்றை உட்கொள்வோர். ஆதலின் நஞ்சும் அவர்க்கே மிகுதி. கருவுற்ற மகளிரும், முதியோரும், நெஞ்சு நோயாளரும் அவ்வரிசையில் அடுத்து நிற்போர்.

நிற்க. இப்பொழுது முதலில் குறிப்பிட்ட காரணத்திற்கு வருகின்றோம்.

எம் தந்தையார் இறந்தது ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில். இவ்வவையிலுள்ள பெரியோர் பலர் அன்று வந்திருந்தீர்கள். சுடுகாட்டில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. வரட்டியும் ஈரம் பட்டிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ‘இரண்டு டயர் வைத்தால் தீப் பிடித்துக்கொள்ளும்’ என்று யாரோ ஒருவர் கூறினார். உறவினர் எம் முகத்தைப் பார்த்தனர். யாம் தலையசைத்தோம். இரண்டு டயர்கள் கொண்டுவரப் பெற்றன. தீப் பிடித்தது. கரும்புகை எழுந்ததும் நாம் அனைவரும் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி வீடு திரும்பினோம். ஒருவர் மட்டும் அங்கே நின்றார். சிதையைக் கோலினால் தள்ளியும் சரித்தும் இரவெல்லாம் அப்புகையுள் நின்றவர், வெட்டியான் என்று நாம் ஒருமையில் விளித்துப் பழகிய அம்முதியவர்.

மறுநாள் காடாற்றச் சென்றோம். எம் தந்தையாரின் எலும்பைத் தேடிய எம் கையில் முதலில் அகப்பட்டது டயரின் எஃகுக் கம்பி. கருகிய கம்பிச் சுருளை விலக்கி விலக்கி, அதனுள் சிக்கியிருந்த எலும்புகளைப் பொறுக்கினோம். தந்தைக்குச் செய்யும் கடைசிக் கடனில் இக்குறை புகுந்ததே என்று அன்று யாம் வருந்தினோம். ஆனால் அப்பொழுதும் எம் வருத்தம் எம் தந்தையாரைப் பற்றியதாகவே இருந்தது. பக்கத்தில் இருமிக்கொண்டே நீர் தெளித்த அம்முதியவரைப் பற்றி யாம் நினைத்தோமல்லோம்.

இரண்டாண்டு கழிந்து வேறொரு சாவுக்குச் சென்றபோது அங்கே அவர் மகன் நின்றான். தந்தை எங்கே என்று வினவினோம். ‘நாலடி நடந்தா மூச்சு வாங்குது ஐயா. வீட்டிலதான் இருக்காரு’ என்றான். எம் இரண்டு டயரால் அந்நோய் வந்ததென்று யாம் கூறோம். அவ்வாறு கூறுதற்கு நமக்குச் சான்றில்லை. ஆனால் பல்லாண்டு அவர் உட்கொண்ட புகையில் எம்முடைய புகையும் ஒரு பங்கு. அதனை இல்லை என்று கூற எம் நா எழவில்லை. இதுவே யாம் இன்று இங்கு நிற்பதற்குக் காரணம்.

பிறர்க்காகப் புகையுள் நிற்பவர் படும் துன்பத்தை உலகம் முன்னரே கண்டுள்ளது. 1775-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், புகைப்போக்கி துடைக்கும் தொழிலாளரிடையே ஒருவகைப் புற்றுநோய் மிகுந்திருத்தலைக் கண்டு, அதற்குக் காரணம் புகைக்கரியே என்று எழுதினார். அவர்கள் மிக இளம் பருவத்திலேயே அத்தொழிலில் புகுத்தப்பட்டவர்கள். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் எடுத்துக்காட்டியது அவ்வாராய்ச்சியே. வீட்டாருக்குக் கணப்பின் வெம்மை. புகைக்கரியோ துடைத்தவன் உடம்பிற்கு. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நம் சுடுகாட்டில் நடப்பது அதுவே அன்றோ? நம் மரபின் பெருமையைப் பேசும் மேடை இது. பிறர் மூச்சைக் கெடுத்து நம் முன்னோரை வழியனுப்புதல் எவ்வாறு பெருமையாகும் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகை சுடுகாட்டோடு நின்றுவிடுவதுமன்று. டயர் எரியுமிடத்து டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகக்கூடும். அது புல்லிலும் மண்ணிலும் படிந்து, மேயும் ஆவின் உடற் கொழுப்பிற் சேர்ந்து, பாலின் வழியே நம் இல்லத்துக்கு வரவல்லது. மக்கள் உடலிற் சேரும் டையாக்சினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உணவின் வழியே வருவதென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உடலிற் புகுந்த அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏழு முதல் பதினொரு ஆண்டுகள் வரை ஆகுமாம். இவ்வாண்டு போகியில் எரித்தது, இன்று நான்காம் வகுப்பிற் படிக்கும் சிறுவன் கல்லூரி செல்லும் நாளிலும் அவன் உடலில் எஞ்சியிருத்தல் கூடும்.

‘எரிக்காவிடின் பழைய டயரை என் செய்வது? மழைநீர் தேங்கிக் கொசு உண்டாகாதோ?’ என்பது அடுத்த வினா. நியாயமான வினாவே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, டயரில் தேங்கிய சிறிதளவு நீரிலும் முட்டையிடும். நீர் வற்றினும் அம்முட்டை பல மாதம் கெடாது கிடக்கும். ஆசியாவிலிருந்து சென்ற பழைய டயர்களின் வழியே இக்கொசுவின் இனமொன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை அடைந்தமை 1985-இல் தெரியவந்தது. ஆதலின் டயரை மழையிற் போட்டுவைத்தலும் தவறு, கொளுத்துதலும் தவறு. நனையாத இடத்தில் வைத்து, உரியவரிடம் சேர்ப்பித்தலே முறை. தேய்ந்த டயருக்கு மேற்பட்டை புதுப்பித்து மீண்டும் ஓட்டலாம். புதுப்பிக்க இயலாததனைத் தூளாக்கித் தாரோடு கலந்து சாலை போடலாம். டயர் செய்வோரும் அதனை வெளிநாட்டிலிருந்து கொணர்வோரும் பழைய டயர்களின் மறுபயனுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடுவண் அரசு விதி வகுத்துள்ளது. ஆகவே பழைய டயர் பயனற்ற பொருளன்று, விலையுள்ள பொருளேயாம்.

பெருந்தொகையாகக் குவித்துவைத்தலும் ஆபத்து. கனடா நாட்டில் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட டயர்கள் குவிந்திருந்த இடத்தில் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீ வைக்கப்பட்டது. பதினேழு நாள் எரிந்த அத்தீயால் ஏறத்தாழ நாலாயிரம் மக்கள் வீடு விட்டு வெளியேறினர். டயரின் உட்குழிவில் காற்றுத் தங்குதலாலும், உருகிய எண்ணெய் மேலும் மேலும் தீக்கு இரையாதலாலும், நீரை ஊற்றி அதனை எளிதில் அணைத்தல் இயலாது. நம் தெருமுனைக் கடைகளின் பின்புறம் டயர்களை மலைபோல் அடுக்கிவைத்திருக்கும் நம்மவர் இதனைக் கருத்தில் வைப்பாராக.

சட்டமும் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், கேடு விளைக்கும் பொருள்களை எரித்தலைத் தடை செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தந்துள்ளது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில், வெட்டவெளியில் குப்பை எரிப்போருக்கு ஐயாயிரம் ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு இருபத்தையாயிரம் ரூபாயும் விதிக்குமாறு ஆணையிட்டது. டயரையும் பிளாஸ்டிக்கையும் போகியில் எரிக்கவேண்டா என்று நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக்கொண்டே வருகின்றது. ஆயினும், தண்டத்துக்கு அஞ்சி விடுவதினும், உண்மை உணர்ந்து விடுவதே நம் சங்கத்தார்க்கு அழகு.

பேசிக் கலைந்தால் பயனில்லை. ஆதலின் நான்கு செய்திகளை இவ்வவையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நம் இளைஞர் வீடுதோறும் சென்று பழைய டயர்களைத் திரட்டி, புதுப்பிப்போரிடமோ ஊராட்சியாரிடமோ ஒப்படைக்க வேண்டும். சிறுவர் சேர்த்துவைத்த டயர்களுக்குச் சங்கம் சிறுதொகை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். போட்டி அவர்களுக்கு வேண்டுமாயின், யார் மிகுதியாக ஒப்படைத்தார் என்பதில் இருக்கட்டும்.

இரண்டாவது, இனி வரும் ஐப்பசிக்கு முன் சுடுகாட்டில் விறகு நனையாதவாறு ஒரு கொட்டகை போட வேண்டும். அதில் உலர்ந்த விறகும் வரட்டியும் கொட்டாங்கச்சியும் எந்நாளும் இருப்பில் இருத்தல் வேண்டும். ஒரு டயரின் தேவையை ஒரு கூரை ஒழித்துவிடும். தகன மேடை அண்மையில் உள்ள ஊரினர் அதனைப் பயன்படுத்தத் தயங்கவேண்டா.

மூன்றாவது, சங்கத்தின் ஈமச்சடங்கு நிதியிலிருந்து உதவி பெறும் எந்தச் சிதையிலும் டயர் வைத்தல் ஆகாது என்று தீர்மானம் எழுத வேண்டும்.

நான்காவது, நம் சுடுகாட்டில் பணி செய்வோரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் அழைத்துச்சென்று, நெஞ்சைச் சோதிப்பித்து, மருந்துச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். இதனை ஈகையென்று எண்ணற்க. நாம் கொடுக்கவேண்டிய கடன் இது.

கொட்டகைச் செலவில் எம் பங்காக ஒரு திங்கட் சம்பளத்தை இன்றே பொருளாளரிடம் செலுத்தியுள்ளோம். பெருமைக்காக இதனைச் சொல்லவில்லை. அன்று யாம் தலையசைத்ததற்கு வேறு எவ்வாறு ஈடு செய்வது என்று அறியாமையால் சொல்லுகின்றோம். சென்ற வாரம் அம்முதியவரை அவர் வீட்டிற் சென்று கண்டோம். திண்ணையில் அமர்ந்திருந்தார். எழ முயன்றவரை இருக்கச் செய்து, பக்கத்தில் அமர்ந்தோம். கொட்டகையைப் பற்றிச் சொன்னபோது, ‘மழைக்கு முன்னாடி போட்டுடுங்க ஐயா, பையனுக்காச்சும் ஆகும்’ என்றார்.

அன்பர்களே! வரும் போகியன்று விடியலில் உங்கள் வாயிலில் நின்று காற்றை முகர்ந்து பாருங்கள். பனியின் மணமும் கோலத்தில் வைத்த சாணத்தின் மணமும் மட்டுமே வருமாயின், நம் சங்கம் இவ்வாண்டு ஒரு நற்பணி செய்ததென்று கொள்வோம்.